கோட்டுக்கு முன்னால் எந்த இனம்?

கலப்பு மணப் பிள்ளைகளுக்குக் குழப்பம் வராமலிருக்க ஒரே பண்பாட்டைச் சொல்லி வளர்க்க வேண்டும் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எனக்கு ஒப்புதல் இல்லை. நான் சிங்கப்பூர், அப்பா தமிழர், அம்மா சீனர். தீபாவளிக்கு முறுக்கு, சீனப் புத்தாண்டுக்கு அங் பாவ் (சிவப்பு உறையில் அன்பளிப்புப் பணம்). வீட்டில் யாரும் குழம்பவில்லை.

குழப்பமெல்லாம் படிவத்தில்தான். முன்பு வழக்கமாக அப்பாவின் இனத்தைத்தான் பதிவார்கள், அதனால் நான் 'இந்தியர்'. 2011 ஜனவரி முதல் 'இந்தியர்-சீனர்' என்று இரண்டையும் சேர்த்துப் பதியலாம். நல்லதுதான். ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அரசாங்க வீடு வாங்கப் போனால், ஒரு கட்டடத்தில் எந்த இனத்தார் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று வரம்பு வைக்கும், 1989 முதல் உள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கைக்கு, நடுவிலுள்ள கோட்டுக்கு முன்னால் இருக்கும் இனம்தான் கணக்கு. பின்னால் இருப்பது சும்மா அலங்காரம்! பிள்ளை பிறந்ததுமே பெற்றோர் எதை முன்னால் போடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவில், கடைகளில் என் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசுவார்கள். நான் தமிழில் பதில் சொன்னால், "அட, பரவாயில்லையே, நல்லா பேசுறீங்களே!" என்று பாராட்டு வேறு. பத்தாண்டு தமிழ் படித்தவளுக்கு இது பாராட்டா? என் அத்தை பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள், அவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. கட்டுரையாளர் அறிவுரையை அந்தக் கடைக்காரர்களுக்குச் சொல்லட்டும்.