முதல் முடிச்சில் நிற்கும் வண்டி

(செங்கோட்டையில் ஒரு பழைய ஓட்டு வீடு. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். முற்றத்தில் சாரல் தூவிக்கொண்டிருக்கிறது. மாமா ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரி. குற்றாலத்தில் குளிப்பதற்காக வந்திருக்கும் மாப்பிள்ளை, தோளில் போட்ட துண்டை இன்னும் எடுக்கவில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதை குறையாமல் பேசுகிறவர்கள் என்பதால், இந்த வீட்டில் எரிச்சலைக் காட்டுவதற்குக்கூட முழு வாக்கியம் தேவைப்படும்.)

மாமா: அருவிக்குப் புறப்படுமுன் ஒரு புகாரைக் கேட்டுவிட்டுப் போங்கள், மாப்பிள்ளை. உங்கள் கல்யாண வீடியோவில் நீங்கள் என் மகள் கழுத்தில் முதல் முடிச்சைப் போடுகிறீர்கள். அடுத்த முடிச்சுகளைப் போட உங்கள் அக்கா கையை நீட்டுகிறார். சரியாக அந்த இடத்தில் படம் நின்று, நடுவில் ஒரு வளையம் சுற்றத் தொடங்கிவிடுகிறது. நான்கு மாதமாக இந்த வீட்டு டிவியில் உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கல்யாணம்தான் ஆகியிருக்கிறது.

மாப்பிள்ளை: அதற்காக மூன்றில் ஒரு பங்கு விருந்தோடு என்னை அனுப்பிவிடாதீர்கள், மாமா. அந்த வீடியோ இப்போது எங்கே இருக்கிறது?

மாமா: மச்சு அறைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பட்டாசாலையில் இருக்கும் டிவியில் பார்க்கும்படி ஏதோ ஒரு சர்வர் மென்பொருளை ஏற்றிக் கொடுத்துவிட்டு உங்கள் மைத்துனன் பெங்களூருக்குப் போய்விட்டான். படம் நிற்கிறது என்று போனில் சொன்னேன். நெட் வேகம் போதாது என்றான். அன்றைக்கே 100 மெகாபிட் திட்டத்தை 300 மெகாபிட்டுக்கு உயர்த்தினேன். மாதக் கட்டணம் உயர்ந்தது. இரண்டாம் முடிச்சு விழவில்லை.

மாப்பிள்ளை: மச்சில் இருக்கிற படம் பட்டாசாலைக்கு இறங்கி வருவதற்கு இணையம் எதற்கு, மாமா? நீங்கள் உயர்த்தியது வாசலுக்கு வெளியே இருக்கும் பாதையின் வேகத்தை. அடுப்படியிலிருந்து இலைக்குச் சாம்பார் வரத் தாமதமானால், தென்காசி சாலையை அகலப்படுத்தச் சொல்லி மனுக் கொடுத்ததைப் போல ஆயிற்று.

மாமா: மெதுவாகப் பேசுங்கள். உங்கள் அத்தை அடுப்படியில்தான் இருக்கிறார். சாம்பார் தாமதம் என்பது மட்டும் அவர் காதில் விழுந்தால், நம் இருவருக்குமே தாமதமாகிவிடும்.

மாப்பிள்ளை: படம் எப்போதும் அதே இடத்தில்தான் நிற்கிறதா, அல்லது நினைத்த இடத்திலெல்லாம் நிற்கிறதா? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

(மாமா அலமாரியைத் திறந்து, சிவப்பு மையால் கோடு போட்ட நீளமான நோட்டு ஒன்றை எடுத்து வருகிறார். தேதி, புறப்பட்ட நேரம், நின்ற இடம், நின்ற கால அளவு, தடைக்கான காரணம் என்று ஐந்து பத்திகள். நான்கு பத்திகள் நிறைந்திருக்கின்றன. ஐந்தாவது முழுக்க வெறுமையாக இருக்கிறது.)

மாப்பிள்ளை: வீட்டு வீடியோவுக்கு நேரப்பதிவேடு வைத்திருக்கும் ஒரே மனிதர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். கேலியாகச் சொல்லவில்லை, இது பெரிய உதவி. முதல் இரண்டு மாதம் கண்ட இடத்திலெல்லாம் நின்றிருக்கிறது, அதிலும் மாலை 7 மணிக்கு மேல் அதிகம். அந்த மாதங்களில் எப்படி இணைத்திருந்தீர்கள்?

மாமா: கம்ப்யூட்டர், டிவி இரண்டுமே வைஃபையில் இருந்தன. 7 மணிக்கு உங்கள் அத்தை மைக்ரோவேவ் அடுப்பில் பால் காய்ச்சுவார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மாப்பிள்ளை: சம்பந்தம் இருக்கிறது. பழைய வைஃபை அலை 2.4 கிகாஹெர்ட்ஸ், மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே அலையில்தான் பாலைச் சுட வைக்கிறது. அடுப்பிலிருந்து கசியும் சிறு துளிகூட வைஃபைக்குப் பெரிய இரைச்சல். அதோடு, நீங்கள் பணியாற்றிய ஒற்றைப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். உங்கள் படம் கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு ஒரு தடவை, ரவுட்டரிலிருந்து டிவிக்கு இன்னொரு தடவை, ஆக அதே காற்றில் இரண்டு தடவை போக வேண்டியிருந்தது.

மாமா: புரிந்துவிட்டது. டோக்கன் ஒன்றுதான், அது கையில் இல்லாமல் எந்த வண்டியும் நிலையத்தை விட்டுப் புறப்பட முடியாது. ஒரே சரக்கை இரண்டு தடவை ஒரே பாதையில் ஏற்றினால் பாதையின் கொள்ளளவு பாதியாகத்தான் ஆகும். இதை உங்கள் மைத்துனன் 'பேண்ட்விட்த்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

மாப்பிள்ளை: அதன் பிறகு ஒயர் இழுத்திருக்கிறீர்கள், கண்ட இடத்தில் நிற்பது அந்தத் தேதியோடு ஒழிந்திருக்கிறது. அதற்குப் பின் எல்லாப் பதிவும் ஒரே இடம்தான்: 58-ஆவது நிமிடம். இடையில் ஒரு நாள் மட்டும், 'மலையாளப் படம், தொடக்கம் முதலே தடை' என்று எழுதியிருக்கிறீர்களே?

மாமா: அது உங்கள் அத்தை பார்த்த படம். அவர் புனலூர்க்காரர், மலையாளம் தாய்ப்பால் மாதிரி. நான் எனக்காக சப்டைட்டில் போட்டேன். போட்ட உடனே படம் திணறியது.

மாப்பிள்ளை: அந்த சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் படமாக இருந்திருக்கும். அதை டிவிக்குத் தனியாகக் கையாளத் தெரியாததால், கம்ப்யூட்டர் முழுப் படத்தையும் பிரித்து, எழுத்தை அதன்மேல் ஒட்டி, மறுபடி கட்டி அனுப்பும். உங்கள் பழைய கம்ப்யூட்டருக்கு அந்தச் சுமை தாங்காது.

மாமா: 2004-இல் விருதுநகரிலிருந்து தென்காசி வரை அகலப்பாதை வந்துவிட்டது, புனலூர்ப் பக்கம் 2010 வரை குறுகலான மீட்டர்கேஜ் பாதைதான் ஓடியது. நடுவே இருந்த ஆறு வருடமும் சாமான் மூட்டையோடு இறங்கி வண்டி மாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சரக்கை இறக்கி ஏற்றும் இடத்தில்தான் எப்போதும் நேரம் போகும். சரி, அதை விடுங்கள். நான் மலையாளம் கற்றுக்கொள்கிறேன். முடிச்சுக்கு வாருங்கள்.

(மாப்பிள்ளை மச்சுக்கு ஏறிப் போய், கோப்பின் அளவைப் பார்த்துவிட்டு, துண்டில் கணக்குப் போடாத குறையாக இறங்கி வருகிறார்.)

மாப்பிள்ளை: 2 மணி நேரப் படம், 72 ஜிகாபைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்று பெருக்கி, 7,200 வினாடியால் வகுத்தால், வினாடிக்கு சராசரி 80 மெகாபிட் வருகிறது. வீடியோக்காரர் 4கே தரத்தில் ஒரு பிட்டைக்கூடக் குறைக்காமல் கொடுத்திருக்கிறார்.

மாமா: பணத்தையும் அவர் குறைக்கவில்லை. இருக்கட்டும், 80 தானே, 100 மெகாபிட் பாதையில் தாராளமாகப் போகுமே?

மாப்பிள்ளை: சராசரியை நம்பினால் சபரிமலை சீசனில் கேரள எல்லைப் புளியரைச் சாலையில் எவரும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள், மாமா. வருடம் முழுவதற்கும் கணக்கிட்டால் அந்தச் சாலை காலியாகத்தான் தெரியும். கார்த்திகை மாதத்தில் நின்று பார்த்தால்தான் உண்மை தெரியும். வீடியோ கோப்பு ஒவ்வொரு காட்சியையும் முழுதாகச் சேமிப்பதில்லை. முந்தைய காட்சியிலிருந்து என்ன மாறியது என்பதைத்தான் பெரும்பாலும் சேமிக்கிறது. மேடையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் சம்பந்திகளால் அதற்குச் சுமையே கிடையாது. ஆனால் ஐந்நூறு பேர் ஒரே நொடியில் அட்சதையும் பூவும் எறிந்தால், ஒவ்வொரு அரிசியும் தனித்தனி வழியில் பறக்கிறது. போதாததற்கு நான்கு பக்கத்திலிருந்தும் கேமரா ஃப்ளாஷ் வெட்டுகிறது. முந்தைய காட்சியை வைத்து எதையுமே ஊகிக்க முடியாது. அந்த வினாடிகளில் 80 மெகாபிட் 140-க்கு மேல் எகிறிவிடும்.

மாமா: அட்சதைக்கு இரண்டு கிலோ அரிசி போதும் என்று அன்றைக்கே சொன்னேன். ஐந்து கிலோவில் மஞ்சள் கலக்கச் சொன்னவர் உங்கள் அப்பா. பதிவேட்டில் எழுதலாமா?

மாப்பிள்ளை: அவசரப்பட வேண்டாம். டிவி சில வினாடிப் படத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். அது தண்ணீர்த் தொட்டி மாதிரி. திறப்பதைவிட நிரப்புவது குறைவாக இருந்தால் தொட்டி வற்றும், வளையம் சுற்றும். தண்ணீர் எங்கே குறைகிறது என்பதுதான் கேள்வி. மச்சில், தகவல் போகும் வேகத்தைக் கோடாக வரைந்து காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு 55-ஆவது நிமிடத்திலிருந்து ஓட விட்டேன். கோடு ஏறி ஏறி வந்து, 95 மெகாபிட் பக்கத்தில் கத்தியால் சீவியதைப் போலத் தட்டையாகிவிட்டது. 1000 மெகாபிட் போகும் ஜிகாபிட் இணைப்பாக இருந்தால் அப்படி ஆகாது. எங்கோ ஓர் இடத்தில் 100 மெகாபிட் பாதை இருக்கிறது. கம்ப்யூட்டரில் லிங்க் வேகமும் 100 என்றுதான் காட்டுகிறது. ஒயர் எந்த வழியாகப் போகிறது?

(பரண். பித்தளை அண்டா, உடைந்த நடைவண்டி, கட்டிவைத்த பழைய ரயில்வே கால அட்டவணைகள். மாப்பிள்ளை டார்ச் அடித்துக்கொண்டு தவழ்கிறார். மாமா ஏணியைப் பிடித்தபடி, பரணில் எந்தப் பொருள் எந்த வருடம் வைக்கப்பட்டது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.)

மாப்பிள்ளை: கிடைத்துவிட்டது. எலி கடித்திருக்கிறது. மேலுறை கிழிந்து, பழுப்பு நிறக் கம்பி ஒன்று அறுந்து தொங்குகிறது.

மாமா: அறுந்த கம்பியிலா இத்தனை நாளும் படம் வந்தது?

மாப்பிள்ளை: ஒயருக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. 1000 மெகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும்; 100 மெகாபிட்டுக்கு இரண்டே ஜோடி போதும். ஒரு ஜோடி போனதும் இரண்டு முனைக் கருவிகளும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிச் சமாதானமாகிவிட்டன. அதனால்தான் படம் வருகிறது, ஆனால் முழுதாக வருவதில்லை.

மாமா: எலிக்குப் பழுப்பு நிறம் மட்டும் ஏன் பிடிக்கிறது என்பது என் ஆராய்ச்சிக்குரியதல்ல. நாளைக்கே பூனை வளர்க்கிறேன்.

(கடைத்தெருவிலிருந்து 20 மீட்டர் கேட்-6 ஒயர் வருகிறது. பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டதும் கம்ப்யூட்டரில் லிங்க் வேகம் 1000 என்று காட்டுகிறது. அத்தை இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். 55-ஆவது நிமிடம். 56. 57. மாமா நிலையத்தில் வண்டி எதிர்பார்ப்பவரைப் போல எழுந்து நிற்கிறார். 58. முதல் முடிச்சு. அட்சதை பறக்கிறது. வளையம் சுற்றுகிறது.)

மாமா: மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: தெரிகிறது, மாமா.

மாமா: உங்கள் அக்கா கையை நீட்டியபடியே நிற்கிறார். அவருக்குக் கை வலிக்காதா?

(மாப்பிள்ளை டிவியின் பின்பக்கம் குனிந்து பார்க்கிறார். நெட்வொர்க் அமைப்பைத் திறக்கிறார். வெகுநேரம் பேசாமல் இருக்கிறார்.)

மாப்பிள்ளை: கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டர் வரை அகலப்பாதை போட்டுவிட்டோம். ஆனால் டிவியில் ஒயர் செருகும் துளையே 100 மெகாபிட்தான். பல ஸ்மார்ட் டிவிகளில் இப்படித்தான் வைக்கிறார்கள். விலை எத்தனை என்பது கணக்கில்லை. இணையத்தில் வரும் 4கே படங்களுக்கு 25 மெகாபிட் அளவில் வேலை முடிந்துவிடுவதால் அது போதும் என்று விட்டுவிடுகிறார்கள். உங்கள் படத்துக்குத்தான் போதவில்லை.

மாமா: எழுபதாயிரம் கொடுத்து வாங்கிய டிவியில் மீட்டர்கேஜ் வாசலா!

மாப்பிள்ளை: வேடிக்கை என்னவென்றால், இதே டிவிக்குள் இருக்கும் வைஃபை அந்தத் துளையைவிட வேகமானது. முன்பு அது 2.4-இல், மைக்ரோவேவோடும் கம்ப்யூட்டரோடும் மல்லுக்கட்டியது. இப்போது கம்ப்யூட்டர் ஒயரில் இருக்கிறது. ரவுட்டர் டிவிக்கு ஆறடி தள்ளி, நடுவில் சுவரில்லாமல் இருக்கிறது. வைஃபையின் இன்னொரு அலையான 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்தால் காற்றில் ஒரே ஒரு பயணம்தான். இந்த அலைக்கு உங்கள் ஒன்றரை அடிச் சுவர்தான் எதிரி. ஒரே அறைக்குள் அதற்கு ஈடில்லை.

மாமா: ஆக, நான் காசு கொடுத்து டிவி வரை இழுத்த ஒயரைப் பிடுங்கச் சொல்கிறீர்கள்.

மாப்பிள்ளை: அந்தக் கடைசி ஆறடியை மட்டும்தான், மாமா.

(ஒயர் கழற்றப்படுகிறது. சோதித்துப் பார்த்ததில் 230 மெகாபிட் காட்டுகிறது. 55-ஆவது நிமிடம். இந்தத் தடவை அத்தையும் வந்து தூணோரமாக நிற்கிறார். 58. முதல் முடிச்சு. அட்சதை பறக்கிறது. படம் நிற்கவில்லை. ஒவ்வொரு அரிசியும் மஞ்சள் துலங்கத் தனித்தனியாகத் தெரிகிறது. அக்காவின் கை தாலிக் கயிற்றைத் தொடுகிறது. அந்த நொடியில், பட்டுச் சட்டை அணிந்த ஒரு பரந்த முதுகு கேமராவுக்கு முன்னால் வந்து, திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு, நாதஸ்வரக்காரர்களை நோக்கி இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டுகிறது. அது விலகும்போது மூன்று முடிச்சும் முடிந்துவிட்டன.)

மாமா: யார் அந்த மனிதர்? கல்யாண வீட்டில் இங்கிதம் தெரியாமல், பச்சைக்கொடி காட்டுகிறவரைப் போல!

அத்தை: அந்தப் பட்டுச் சட்டை இப்போதும் பீரோவில்தான் தொங்குகிறது.

(நிசப்தம். ஓட்டிலிருந்து சாரல் சொட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது. மாமா பதிவேட்டை எடுத்து, அன்றைய தேதி, புறப்பட்ட நேரம், நின்ற இடம், கால அளவு நான்கையும் நிதானமாக எழுதுகிறார். ஐந்தாம் பத்தியில் பேனா நிற்கிறது.)

மாப்பிள்ளை: 'எலி' என்று எழுதிவிடுங்கள், மாமா. யாரும் விசாரிக்கப்போவதில்லை.