ஒருமனதாக நிறைவேறிய செலவு பில்கள்
நகர்மன்றக் கூட்டத்தில் சண்டை சச்சரவு இல்லாமல் 40 தீர்மானங்கள் ஒரே மூச்சில் நிறைவேறினால் அது நல்ல நிர்வாகத்தின் அடையாளம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. வழக்கமான செலவுத் தீர்மானங்களை ஒரே கட்டாகச் சேர்த்து ஒரே ஓட்டில் முடிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும், சரி. ஆனால் பணம் கரைவது பெரும்பாலும் அந்தக் கட்டுக்குள்தான். ஒருமுறை பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பூங்கா பெஞ்சுக்கு என்ன நிறம் அடிப்பது என்று முக்கால் மணி நேரம் வாக்குவாதம். குடிநீர் மோட்டார் பழுது பில்களோ, தலைவர் பக்கத்தைப் புரட்டிய வேகத்திலேயே 'ஒருமனதாக' ஆகிவிட்டன. பிறகு தீர்மான நகலை வாங்கிப் பார்த்தால், ஒரே மோட்டாருக்கு அடுத்தடுத்து 3 மாதம் பழுது. ஒவ்வொரு பில்லும், டெண்டர் விட்டே ஆக வேண்டிய தொகை வரம்புக்குச் சற்றே கீழே. (வரம்பை மனப்பாடமாக வைத்திருக்கிறது அந்த மோட்டார்!) அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், டெண்டரில் குறைந்த விலை கேட்டவருக்கே கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை என்கிறார். வாங்கும் விலை குறையும். பின்னால் வரும் பராமரிப்பும் மின்கட்டணமும் யார் தலையில்? அவை பொருள் வாங்கும் செலவைக் காட்டும் மூலதனக் கணக்கில் தெரியாது, ஆண்டுதோறும் அன்றாட நடப்புச் செலவில் சத்தமில்லாமல் ஏறும். தீர்மானப் பட்டியலை பில் விவரத்தோடு கூட்டத்துக்குச் சில நாள் முன்பே ஒட்டியிருந்தால், ஓர் உறுப்பினராவது அந்த மோட்டாரைக் கட்டிலிருந்து பிரித்துத் தனியே விவாதிக்கச் சொல்லியிருப்பார்.