'உண்மையான கேமர்' அண்ணனின் கவனத்துக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று புதன்கிழமையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதினால் "உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் கோபம்" என்பார்கள். எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தூக்கம்தான் முக்கியம் என்று முடிவு செய்துவிட்டேன்.

புதன்கிழமை நம் கேம் குழுவில் ஒரு பெண், தான் வாங்கிய ஸ்விட்ச்சை (நின்டெண்டோ கம்பெனியின், கையில் வைத்தே ஆடக்கூடிய கேம் கன்சோல்) படம் எடுத்துப் போட்டாள். அதற்குக் கீழே நடந்தது உங்களுக்குத் தெரியும். அவள் படத்தை எடுத்துவிட்டாள். ஆனால் ஸ்க்ரீன்ஷாட் இல்லாத ஆளே இருக்க மாட்டீர்கள். "இது சின்னப் பசங்க பொம்மை தங்கச்சி. உண்மையான கேமர் இதுக்குக் காசு போட மாட்டான். பிஎஸ் 5 வாங்கி 55 இன்ச் டிவியில போட்டுப் பாரு, அப்புறம் தெரியும்" என்று அண்ணன் திருவாய் மலர்ந்தருளினார். பிஎஸ் 5 என்பது சோனியின் ப்ளேஸ்டேஷன், டிவியில் மாட்டி ஆடும் கன்சோல். கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். அதில் பாதிப் பேர் எனக்கும் நண்பர்கள். அதுவும் பார்த்தேன்.

அண்ணா, அவள் ஒரு நர்ஸ். நைட் டூட்டி பார்க்கிறாள். வேலை பார்க்கும் பெண்களுக்கான ஹாஸ்டலில், மூன்று பேர் இருக்கும் அறையில், ஒரு கட்டிலும் ஒரு இரும்பு பீரோவில் ஒரு தட்டும்தான் அவளுடைய ராஜ்ஜியம். 55 இன்ச் டிவியை எங்கே மாட்டுவாள்? கொசுவலை கட்டும் கம்பியிலா? முதலில் வந்த பிஎஸ் 5 எடை நாலரைக் கிலோ. ஸ்விட்ச், இரண்டு பக்கமும் ஜாய்கான் என்கிற குட்டிக் கன்ட்ரோலர்களை மாட்டினாலும் சுமார் 400 கிராம். தலையணைக்கு அடியில் வைக்கலாம். டூட்டி முடிந்து வந்து அரை மணி நேரம் ஆடுவாள். பக்கத்துக் கட்டில்காரி லைட்டை அணைக்கச் சொன்னால் பட்டனை ஒரு தட்டு தட்டினால் போதும், ஆட்டம் நின்ற இடத்திலேயே தூங்கும். மறுநாள் அதே இடத்திலிருந்து எழும். அவளுக்கு வேண்டியது இதுதான். உங்களுக்கு வேண்டியது வேறு. இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், ஆனால் ஒரு வரியில் புரிகிற ஆட்களாக இருந்தால் புதன்கிழமை அது நடந்தே இருக்காது.

எந்த கன்சோல் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், யார் ஆடப்போகிறார்கள், எந்த நேரத்தில், எந்த வீட்டில், யாரோடு என்று கேட்க வேண்டாமா? லாரி வைத்திருப்பவர் ஸ்கூட்டியைப் பார்த்து "இதுல எத்தனை டன் ஏத்தலாம்?" என்று கேட்கிற மாதிரி இருக்கிறது உங்கள் கேள்வி.

இது ஒன்றும் புதிய சண்டையும் கிடையாது. 2006இல் நின்டெண்டோ வீ வந்தபோதும் இதே பாட்டுதான். சோனியின் பிஎஸ் 3 அமெரிக்காவில் 499, 599 டாலர் என்று இரண்டு விலைகளில் வந்தது. வீ 249 டாலர். ஹெச்டி கிடையாது, பவர் கிடையாது, கையில் டிவி ரிமோட் மாதிரி ஒரு குச்சி. பொம்மை என்றார்கள். கடைசியில் அந்தப் பொம்மை 10 கோடியைத் தாண்டி விற்றது. பிஎஸ் 3 ஒன்பது கோடியைத் தொடவில்லை. வாங்கியது யார்? அதுவரை கன்ட்ரோலரைத் தொடாத அம்மாக்கள், தாத்தாக்கள். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் வீ பௌலிங் போட்டி நடத்தினார்கள். பட்டன் எது என்று பார்க்கத் தேவையில்லை, கையை வீசினால் பந்து போகும். அந்தத் தாத்தாவிடம் போய் "ஃப்ரேம் ரேட் எவ்வளவு தாத்தா, விநாடிக்கு எத்தனை படம் ஓடுது?" என்று கேளுங்களேன்.

அதற்கும் முன்னால், 1989இல் நின்டெண்டோவின் கையடக்க கன்சோல், கேம் பாய். சாம்பலும் பச்சையுமாக ஒரு திரை, கலர் இல்லை, இருட்டில் ஒன்றும் தெரியாது. அதற்குப் போட்டியாக வந்த செகாவின் கேம் கியரில் கலர் உண்டு, திரைக்குப் பின்னால் வெளிச்சம் உண்டு. ஆனால் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய் நாலு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதைச் செய்த குன்பெய் யொகோய், பழகிப்போன மலிவான தொழில்நுட்பத்தைப் புதுவிதமாகப் பயன்படுத்துவதைத்தான் கொள்கையாகவே வைத்திருந்தார். பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு எது வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது. யார் ஜெயித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அப்படியென்றால் வீக்கு அடுத்து வந்த வீ யூ ஏன் படுத்தது?" என்று ஒருவர் வருவார். வரட்டும். ஒன்றரைக் கோடிகூட விற்கவில்லை, உண்மை. கையில் திரையைக் கொடுத்துவிட்டு அதை ஹாலைத் தாண்டி எடுத்துப்போக விடாமல் செய்தார்கள், படுத்தது. அதே யோசனையை 2017இல் ஸ்விட்சாகச் சரியாகச் செய்தார்கள், 15 கோடியைத் தாண்டியது. இது என் கட்சிக்குத்தான் சாட்சி.

"அப்போ பவர் முக்கியமே இல்லையா மேடம்?" முக்கியம்தான். யாருக்கு முக்கியமோ அவர்களுக்கு முக்கியம். என் அண்ணன் மகன் துப்பாக்கிச் சண்டை ஆட்டம் மட்டுமே ஆடுகிறவன். விநாடிக்கு 30 ஃப்ரேமுக்கும் 120 ஃப்ரேமுக்கும் நடுவில் அவன் செத்துப்போகிறான், எனக்குப் புரிகிறது. அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார், கால்பந்து ஆட்டத்தைத் தவிர எந்த டிஸ்க்கும் போட்டதில்லை. வருஷா வருஷம் அதையே புதிதாக வாங்குவார். வாங்கட்டும், அவர் காசு, அவர் சந்தோஷம். நான் போய் "ஒரே ஆட்டத்துக்கா இவ்வளவு செலவு?" என்று கேட்டேனா? பவர்தான் எல்லாம் என்கிறவர்களுக்கு இன்னொரு தகவல். 2024இல் இன்னும் பவர் கூடிய பிஎஸ் 5 ப்ரோ வந்தபோது, அதிலுள்ள வைஃபைக்கு வேண்டிய 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லை என்று இந்தியாவுக்கு அனுப்பவே இல்லை. ஆக, அன்றைக்கு அண்ணனே 'உண்மையான கேமர்' இல்லை. பாவம்.

"நின்டெண்டோ என்ன தர்ம ஸ்தாபனமா?" இல்லை. விலையைக் குறைக்க மனசே வராது, ஜாய்கான் தானாக ஒரு பக்கம் இழுக்கும், நம்ம ஊரில் முறைப்படி விற்பனையும் கிடையாது. அவளும் சிங்கப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர் மூலமாகத்தான் வாங்கினாள். சரி, அதற்கென்ன?

"மொபைலிலேயே ஆடலாமே?" மொபைலில்தான் டூட்டி மாற்றச் சொல்லிச் சீனியர் கூப்பிடுவார், வார்டு வாட்ஸப் குழு கத்தும், அம்மா பணம் வந்ததா என்று கேட்பார். அதிலிருந்து அரை மணி நேரம் தப்பிக்கத்தான் இன்னொரு பொருளே வாங்கினாள். வேலை பார்க்கிற எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் சொல்வாள்.

ரிச்சர்ட் பார்ட்டில் என்று ஒருவர். இங்கிலாந்தில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில், படமே இல்லாமல் எழுத்தை மட்டும் வைத்து பல பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவர். 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆடுகிறவர்களைச் சீட்டுக்கட்டு மாதிரி நாலாகப் பிரித்தார். புள்ளியும் பட்டமும் சேர்ப்பவர்கள் டைமண்ட். இண்டு இடுக்கெல்லாம் நோண்டிப் பார்ப்பவர்கள் ஸ்பேடு. நாலு பேரோடு பேசிச் சிரிக்க வருபவர்கள் ஆர்ட்டின். அடுத்தவனை அடித்து ஜெயிக்க வருபவர்கள் கிளாவர். நாலு வகையும் அளவாகக் கலந்திருந்தால் ஆட்டம் நிலைத்து நிற்கும், கிளாவர்கள் பெருத்தால் மற்றவர்கள், முக்கியமாக ஆர்ட்டின்கள், ஓடிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. நம் குழுவில் எது பெருத்திருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்பேடு. செல்டா என்கிற நின்டெண்டோ ஆட்டத்தில் நான் காப்பாற்ற வேண்டிய இளவரசி இன்னும் கோட்டையிலேயேதான் காத்திருக்கிறாள். நான் மலை மலையாக ஏறிக் காளான் பறித்துக்கொண்டிருக்கிறேன். என் மாமியார் ஆர்ட்டின். ஞாயிற்றுக்கிழமை மதியம் மரியோ கார்ட் என்கிற கார் ரேஸ் ஆட்டத்தைப் போட்டால் வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் வண்டிக்குப் பின்னால் ஒரு குட்டி ஆன்டெனா நிற்கும். பாதையை விட்டு விழாமல் ஆட்டமே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு அடையாளம் அது. அண்ணன் மகன் அதைக் காட்டிச் சிரித்தான். "போடா, நான் இதுவரைக்கும் சைக்கிள்கூட ஓட்டினதில்ல, இப்போ கார் ஓட்டுறேன்" என்றார். பத்தாவது இடத்தில் வந்ததற்குக் கைதட்டிக்கொண்டார். அவர் கேமர் இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான ஆட்சேபணை. "சும்மா கிண்டலுக்குச் சொன்னது, இதைக்கூடத் தாங்க முடியாதா?" ஒருவர் இன்பாக்ஸில் வந்து என்னிடமே கேட்டார்.

தாங்கலாம். தாங்கித் தாங்கித்தான் இந்த வயசு வரை வந்திருக்கிறோம். திருச்சியில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மாமா சென்னை பர்மா பஜாரிலிருந்து வீடியோ கேம் வாங்கிவந்தார். மஞ்சள் கேசட், ஊதி ஊதிப் போடுவோமே, அதே. இரண்டு கன்ட்ரோலர். ஒன்றில் ஸ்டார்ட், செலக்ட் பட்டன் இருக்கும், இரண்டாவதில் இருக்காது. இரண்டாவது எனக்கு. எப்போதும் எனக்கு. எந்த ஆட்டம் என்று தேர்ந்தெடுப்பதும், எப்போது ஆரம்பிப்பது, எப்போது நிறுத்துவது என்பதும் என் அண்ணன் கையில். கான்ட்ரா என்கிற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் அருவி வரும் கட்டம் ஞாபகம் இருக்கிறதா? முன்னால் ஏறுகிறவன் மேலே போகப் போக திரையும் மேலே போகும், கீழே நிற்பவள் செத்துவிடுவாள். அண்ணன் விறுவிறுவென்று ஏறிவிட்டு, "உனக்கு ஆடத் தெரியல, போய் அம்மாவுக்கு உதவி செய்" என்பான். எனக்கு ஆடத் தெரியும். என்னை ஆடவிடவில்லை, அவ்வளவுதான். இது இந்த நாட்டில் எத்தனை வீட்டில் நடந்திருக்கும்!

வளர்ந்து, சம்பாதித்து, என் காசில் கன்சோல் வாங்கப் போனால், கடைக்காரர் "பையனுக்கா மேடம்?" என்கிறார். எனக்குத்தான் என்றேன். தலையாட்டிவிட்டு, வாரண்டி எவ்வளவு, எந்தக் கேபிளை எங்கே செருக வேண்டும் என்பதையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் விளக்கினார். என் வீட்டுக்காரருக்கு டிவியில் நியூஸ் சேனல் நம்பரைத் தவிர வேறெதுவும் தெரியாது. பையைப் பிடித்துக்கொண்டு 'ம், ம்' என்று கேட்டுக்கொண்டிருந்தார், பாவம். வெளியே வந்ததும் "என்னம்மா சொன்னான் அவன்?" என்று என்னிடமே கேட்டார்.

அதனால் 'உண்மையான கேமர்' என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் ஐயா சான்றிதழ் கொடுப்பது? தாசில்தாரா? 2018இல் மைக்ரோசாஃப்ட் கை விரல் சரியாக இயங்காதவர்களுக்காக ஒரு கன்ட்ரோலர் கொண்டுவந்தது. இரண்டு பெரிய வட்டப் பட்டன், மற்றபடி காலாலோ முழங்கையாலோ அழுத்துகிற எதை வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம். பெட்டியைப் பிரிக்கக்கூட விரல் தேவைப்படாமல், வளையம் வைத்து இழுக்கிற மாதிரி செய்திருந்தார்கள். முழங்கையால் ஆடுகிறவரிடமும் போய் "விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்?" என்பீர்களா? என்பீர்கள். உங்களைச் சொல்ல முடியாது.

"இது வெறும் விளையாட்டுப் பொருள், இதுக்குப் போய் இவ்வளவு பெரிய பதிவா?" என்று கேட்க வருகிறவர்களுக்கு: வெறும் விளையாட்டுப் பொருள்தானே, ஒரு பெண் அதை வாங்கிப் படம் போட்டதும் ஏன் அத்தனை பேர் ஓடிவந்தீர்கள்? போன மாதம் ஒருவர் அதே ஸ்விட்ச்சைத் தன் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கிப் படம் போட்டார். "சூப்பர் தலைவா", "பாசக்கார அப்பா". அதே மாடல், அதே கலர். தேடிப் பாருங்கள், பதிவு இன்னும் இருக்கிறது. அங்கே பொம்மை என்று யாரும் சொல்லவில்லை.

இதில் எனக்கு இன்னொரு வயிற்றெரிச்சல். படத்தோடு அவள் ஒரு கேள்வியும் கேட்டிருந்தாள். அத்தனை கமெண்ட்டில் ஒருவர்கூட அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆட்டம் தெரிந்தவர்களாம்! செல்டாவில் மழை பெய்தால் மலையில் வழுக்கி வழுக்கிக் கீழே வருகிறேன், என்ன செய்வது என்று கேட்டாள்.

தங்கச்சி, மழையில் ஏறாதே, ஸ்டாமினாதான் வீணாகும். பாறை துருத்திக்கொண்டு நிற்கும் இடமாகப் பார்த்து ஒதுங்கு. விறகுக் கட்டைப் போட்டு, பக்கத்தில் தீக்கல்லை வைத்து இரும்பு ஆயுதத்தால் ஓங்கி அடி, பற்றிக்கொள்ளும். நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து காலை வரை நேரத்தை ஓட்டு, பெரும்பாலும் மழை விட்டிருக்கும். திறந்த வெளியில் மூட்டினால் மழை அணைத்துவிடும், அதைக் கவனி. விறகு இல்லையென்றால் மரத்தை வெட்டு, கோடாலி, ஆட்டம் தொடங்கும் மேட்டு நிலத்தில் வரும் கிழவரின் குடிசைப் பக்கமே கிடக்கும். வேறு சந்தேகம் இருந்தால் இன்பாக்ஸுக்கு வா, இங்கே கேட்காதே.