மிளகாய் வாயைச் சுடுகிறதா?

“மிளகாய்க் காரம் நாக்கையும் குடலையும் வேகவைத்துப் புண்ணாக்கும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. வேகவைப்பதெல்லாம் இல்லை.

வலியுணரும் நரம்புச் செல்களின் மேல்சவ்வில் டிஆர்பிவி1 என்றொரு புரதக் கதவு உண்டு. சுமார் 43 டிகிரி சூட்டில் அது திறக்கும், கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாயும், “நெருப்பு!” என்று மூளைக்குத் தகவல் போகும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் அதே கதவைச் சூடில்லாமலே திறந்துவிடுகிறது. பச்சைமிளகாயைக் கடித்துவிட்டு உஸ்ஸென்று ஊதும்போதும் நாக்கு வெந்துபோவதில்லை. இந்தக் கதவை 1997இல் கண்டறிந்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கிளி மட்டும் எப்படி அசராமல் தின்கிறது? பறவைகளின் கதவு கேப்சைசினுக்கு அசைவதில்லை.

சரி, குடற்புண்? பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் சில வலி மாத்திரைகளும்தான் காரணம். ஏற்கெனவே புண் இருந்தால் காரம் எரிச்சலைக் கூட்டலாம்.