பாதை முதலில் வரட்டும்

"காற்றாலை, சூரிய மின் நிலையங்கள் வந்த பிறகு தேவையைப் பார்த்து மின்பாதை போட்டுக்கொள்ளலாம்" என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சூரிய மின் நிலையத்தை இரண்டு வருடத்துக்குள் முடித்துவிடலாம். அந்த மின்சாரத்தைத் தூரத்துக்குக் கொண்டுபோகும் உயரழுத்த மின்பாதைக்கு நில அனுமதி, கோபுரம், துணை மின்நிலையம் என்று பத்து வருடம்கூட ஆகிறது. அதுவரை, மின்சாரத்தை அனுப்ப வழியில்லாமல், நல்ல காற்று வீசும்போதே காற்றாலை இறக்கைகளை நிறுத்தி வைக்க வேண்டியதுதான். பார்க்க மனசு கேட்காது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் இந்த வரிசையை மாற்றி, பாதையை முதலில் திட்டமிட்டது. 2005-இல் சட்டம் போட்டு, காற்று வளமுள்ள பகுதிகளை வரையறுத்து, 2014 தொடக்கத்துக்குள் சுமார் 5,800 கிலோமீட்டர் பாதை அமைத்தார்கள். காற்றாலைகள் வேகமாகப் பெருகின.

கட்டுரை தொடாத ஒன்றும் உண்டு. மின்கம்பி சூடேறினால் நீண்டு தொய்யும். தரையை நெருங்கிவிடக் கூடாதே என்றுதான் பெரும்பாலும் அதில் ஓடும் மின்சாரத்துக்கு வரம்பு வைக்கிறார்கள். காற்று வீசினால் கம்பி குளிரும், கூடுதலாகத் தாங்கும். ஆக, காற்றாலை நன்றாகச் சுற்றும் நேரத்தில்தான் பக்கத்திலுள்ள பாதைக்கும் வலு அதிகம்! வெயிலடிக்கும், காற்றில்லாத நாளுக்குக் கணக்கிட்ட வரம்பையே எல்லா நாளும் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? கம்பியின் வெப்பத்தை அளந்து வரம்பை அவ்வப்போது மாற்றும் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன.