கல்லில் இருப்பது "தோற்கடித்தார்" மட்டும்தான்

அக்காவின் மகள் பத்தாம் தரம். வகுப்பில் ஏழு நிமிசம் பேச வேண்டும், தலைப்பு பண்டார வன்னியன், வெள்ளைக்காரனோடு சண்டை பிடித்த வன்னி மன்னன். ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளைக்கு இதைவிட லேசான தலைப்பு கிடையாது என்றுதான் நானும் நினைத்தேன். அவருடைய பெயரைச் சொல்லும் கல் நின்ற கற்சிலைமடு எங்களுக்குச் சைக்கிள் தூரம். வவுனியாவுக்குப் போனால் கச்சேரியடியில் (மாவட்டச் செயலகத்தடியில்) அவருக்குச் சிலை நிற்கிறது. முல்லைத்தீவுக் கோட்டையை அவர் பிடித்த நாள் என்று ஓகஸ்ட் 25 இல் விழாவும் எடுக்கிறோம்.

ஒரு நாள் பின்னேரம் ஐந்து தாளோடு வந்தாள். "மாமா, அஞ்சு இடத்தில பாத்தனான். எல்லாத்திலயும் ஒண்டுதான் கிடக்கு."

வாங்கி வாசித்தேன். உண்மைதான், ஒன்றுதான் கிடக்கிறது. அதே பந்தி, அதே வசனம், மூன்றாவது வரியில் "கோட்டை"க்குப் பதில் "கேட்டை" என்று விழுந்த எழுத்துப்பிழைகூட ஐந்திலும் அப்படியே. "அஞ்சு பேர் சொல்லேல்லப் பிள்ளை. ஒராள் சொன்னதை மற்ற நாலு பேரும் பாத்து எழுதியிருக்கினம்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் முகநூலில் இப்படி எத்தனையைப் பகிர்ந்திருப்பேனோ.

அந்தப் பந்தியின் சாரம் இதுதான்: "1803 ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில், காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்ததால் பண்டார வன்னியன் வீரமரணம் அடைந்தார்." எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவினம். நானும் அப்படித்தான் படித்து வளர்ந்தேன்.

இரண்டு பேரும் குந்தியிருந்து அதைப் பிரித்துப் பார்த்தோம். திகதி எங்கேயிருந்து வந்தது? வெள்ளைக்காரன் நட்ட கல்லிலிருந்து. அந்தக் கல்லை 2010 இல் உடைத்துப் போட்டார்கள், அதனால் பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கி வாசித்தோம். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொன்னால், "இவ்விடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்டோபர் 1803." அவ்வளவுதான். பிள்ளை மூன்று தரம் வாசித்தாள். "மாமா, செத்தவர் எண்டு இதில இல்லையே!"

இல்லைத்தான். தோற்கடித்தது வேறு, கொன்றது வேறு. வென்ற பக்கத்தார் தங்கள் பெருமைக்கு நட்ட கல். எதிரியைக் கொன்றிருந்தால் அதை ஏன் எழுதாமல் விடப்போகிறார்கள்? 1803 க்குப் பிறகும் அவர் சில வருசம் உயிரோடு இருந்தார் என்று எழுதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் எங்களுக்கு அந்த நாள் மரண நாளாகிவிட்டது. தோல்வியைவிட வீரமரணம் மேடைக்கு எடுப்பு.

அடுத்தது காக்கை வன்னியன். இது இன்னும் சுவாரசியம். டச்சுக்காரர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையிலும் ஒரு காக்கை வன்னியன் வருகிறான். அவன் ஊர்காவற்றுறையான், பறங்கியரோடு (போர்த்துக்கேயரோடு) சேர்ந்து யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனைக் காட்டிக்கொடுத்தவன். சங்கிலிக்கும் பண்டார வன்னியனுக்கும் இடையில் ஏறக்குறைய இருநூறு வருசம். அப்ப ஒரே பெயரில் இரண்டு துரோகியா? அல்லது பழைய துரோகியையே நாடகக்காரர் புதுக்கதைக்குக் கூட்டி வந்துவிட்டார்களா? எனக்கு இரண்டாவதில்தான் சாய்வு. தமிழ்நாட்டில் கருணாநிதி பண்டார வன்னியனை வைத்து ஒரு நாவலே எழுதினார். நாவல் நாவலாக இருக்கட்டும், அதில் குற்றமில்லை. நாவலில் வரும் வசனத்தை வரலாறு என்று பிள்ளை வகுப்பில் சொல்லும்போதுதான் பிசகு.

போனில் உள்ள ஏஐ செயலியையும் கேட்டாள். வலு பவ்வியமாக ஒரு புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் தந்தது. இரண்டு நாள் தேடினோம். அப்படியொரு புத்தகம் எங்கள் கையில் அகப்படவேயில்லை. அகப்பட்டது 1895 இல் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கைநூல், பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப ஏலாது. லூயிஸ் அரசாங்க உத்தியோகத்தன், எழுதினது சண்டை முடிந்து தொண்ணூறு வருசத்துக்குப் பிறகு. ஆனாலும் யார் எழுதினது, எப்ப எழுதினது என்றாவது தெரிகிறதே. அந்த ஐந்து தாளிலும் அதுகூட இல்லை.

பிறகு கலண்டர் மட்டையைக் கீலம் கீலமாக வெட்டினோம். ஆதாரம் கண்டது நீலப்பேனையில், "சொல்லுவினம்" எல்லாம் சிவப்பில். பாடமாக்க வேண்டாம், மட்டையைப் பார்த்துக் கதை என்றேன். கிணற்றடியில் நின்று கோழிகளுக்கு நாலு தரம் பேசினாள். "கல்லில் இப்பிடி இருக்கு", "லூயிஸ் இப்பிடி எழுதிறார்", "ஊரில இப்பிடிச் சொல்லுவினம்" என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வார்த்தை. முதலில் ஒன்பது நிமிசம் போனது, கடைசியில் ஆறே முக்கால்.

வகுப்பில் என்ன நடந்தது? கூடின புள்ளி இன்னொரு பிள்ளைக்கு. அவனுடைய பவர்பொயின்றில் வாள் பறந்து வந்ததாம், பின்னணியில் பறை. காட்டிக்கொடுக்கும் காட்சியை வசனத்தோடு நடித்தும் காட்டினானாம், கைதட்டு நிற்கவில்லையாம். எங்கள் பிள்ளைக்குக் கிடைத்த குறிப்பு: "முடிவு தெளிவில்லை."

எனக்குக் கோபம் அந்தப் பெடியனில் இல்லை, நல்லாய் நடித்திருக்கிறான். புள்ளித் தாளில்தான். குரல், உச்சரிப்பு, நிமிர்ந்து நிற்பது, படங்கள் எல்லாத்துக்கும் அதில் பெட்டி இருக்கிறது. "இதை எங்கயிருந்து எடுத்தனீ?" என்று கேட்க ஒரு பெட்டி இல்லை. ஒரு விசயத்தில் இரண்டு கதை இருக்கும்போது இரண்டையும் சொல்லுவதுதான் தெளிவு. ஒன்றை ஒளித்துவிட்டுக் கணீரென்று பேசுவதற்கா புள்ளி? நாங்கள் பெட்டி படுக்கையோடு ஓடி ஓடியே காணி உறுதி, பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூட மலர் என்று எல்லாத்தையும் வழியில் விட்டவர்கள். எங்களிடம் மிஞ்சியிருப்பதில் பாதிக்கு மேல் வாய்க்கதை. அதை எப்படிக் கேட்பது, எப்படி உரசிப் பார்ப்பது என்று எங்கள் பிள்ளைகளுக்குத்தான் முதலில் பழக்க வேண்டும்.

பிள்ளை அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அடுத்த தவணைக்கு எங்கள் ஊர்க் குடியேற்றம் பற்றிப் பேசப்போகிறாளாம். நேற்று அம்மாவுக்குப் பக்கத்தில் கொப்பியோடு குந்தியிருந்தாள்.

"அம்மம்மா, முத்தையன்கட்டுக்கு எப்ப வந்தனீங்கள்?"

"சூறாவளிக்கு முதல் வருசம்."

"எந்தச் சூறாவளி? 64 ஓ, 78 ஓ?"

அம்மா வெத்திலையை நிப்பாட்டிவிட்டு யோசித்தா. "சூறாவளிக்க எங்கட பள்ளிக்கூடக் கூரை போனது. அப்ப நான் அஞ்சாம் வகுப்பு."

"அப்ப 64. அந்தப் பள்ளிக்கூடத்தில படிச்ச வேற ஆரும் இருக்கினமோ, கேட்டுப் பாக்க?"