ஜர்னைல் சிங் ஸ்ட்ரைக்கர் இல்லை

"1962 ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குக் கோல் போட்ட ஜர்னைல் சிங் பெரிய ஸ்ட்ரைக்கர்" என்று ஒரு செய்தி வேலூர், காட்பாடி கால்பந்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அவர் கோல் போட்டது உண்மை. ஸ்ட்ரைக்கர், அதாவது கோல் போடுவதற்கென்றே முன்வரிசையில் ஆடுபவர், என்பது தவறு.

அவர் நடுத் தடுப்பாட்டக்காரர். கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப்பின் பின்களத்தைப் பல ஆண்டுகள் காத்தவர். ஜகார்த்தாவில் நடந்த அந்த ஆசிய விளையாட்டில், தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தலை கிழிந்து தையல் போட்டார்கள். அந்தக் காயத்தோடு அவரைப் பின்களத்தில் நிறுத்த முடியாது. அதனால் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் முன்வரிசைக்கு மாற்றினார். என்ன துணிச்சல்! அப்புறம் அரையிறுதியிலும் கோல், தென்கொரியாவுடனான இறுதியிலும் கோல்; 2-1, தங்கம்.

தடுப்பாட்டம் ஆடும் நம் ஊர்ப் பையன்களுக்கு அவரைத் தடுப்பாட்டக்காரராகவே சொல்லிக்கொடுங்கள்.